மாயக் கையும் ஆய்வுக்கூடத்துக் கைகளும்

எங்கள் ஊர் ஜூஜுவாடி, தமிழ்நாட்டின் எல்லையில் உள்ளது. ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் எங்கள் ஊரைத் தாண்டினால் கர்நாடக மாநிலத்து அத்திப்பள்ளி வந்துவிடும். சுற்றிலும் தொழிற்சாலைகள்; அவற்றுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள். இரவு ஷிப்டு முடிந்து வருவோரும் காலை ஷிப்டுக்குப் போவோரும் ஒரே தேநீர்க் கடையில் நின்று பேசுவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அங்கே கலந்து ஒலிக்கும். இரும்புத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் பவர் பிரஸ் எந்திரங்கள் நிறைந்த இப்பகுதியில் விரலிழந்தவர்களைக் காண்பது அரிதன்று.

எங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் அத்தகையவர். இடது கையில் கட்டை விரல் தவிர மற்ற நான்கு விரல்களையும் பிரஸ் எந்திரத்தில் இழந்தவர். காயம் ஆறிப் பல மாதங்கள் ஆகியும் அவருக்கு ஒரு தொல்லை நீங்கவில்லை. இல்லாத அந்த விரல்கள் உள்ளங்கையை நோக்கி இறுக மடங்கியிருப்பதாகவும், நகம் குத்துவது போல் வலிப்பதாகவும் ஓர் இரவு தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். "சார், நீங்க காலேஜ்ல பாடம் நடத்துறவரு. இல்லாத விரல் எப்படி சார் வலிக்கும்? டாக்டர்கிட்ட சொன்னா பைத்தியம்னு நினைச்சுட மாட்டாரா?" என்று கேட்டார்.

நான் கற்பிப்பது இயற்பியல். எனக்கு விடை தெரியவில்லை. தேடியபோது கைக்குக் கிடைத்ததே இக்கட்டுரையில் ஆராயப்படும் நூல். அந்நூல் எனக்கு எதைக் கற்பித்தது, எதைக் கற்பிக்கவில்லை என்பதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நூலும் ஆசிரியரும்

நூலின் பெயர் "ஃபேன்டம்ஸ் இன் த பிரெய்ன்". "மூளைக்குள் மாயத் தோற்றங்கள்" என்று தமிழில் கூறலாம். 1998ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்தது. நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் அறிவியல் செய்தியாளர் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயும் சேர்ந்து எழுதியது. மருத்துவ எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் முன்னுரை வழங்கியுள்ளார்.

ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மாணவராக இருக்கும்போதே கண்பார்வை பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை உலகப் புகழ் பெற்ற "நேச்சர்" இதழில் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மூளை மற்றும் அறிதிறன் ஆய்வு மையத்தை நடத்தினார். 2007இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

காண்பது, உணர்வது, நினைவில் வைப்பது, முடிவெடுப்பது போன்றவை மூளையில் எங்ஙனம் நிகழ்கின்றன என்று ஆராயும் துறையே அறிதிறன் அறிவியல். இத்துறையின் ஆய்வுக்கூடம் என்றவுடன் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் நம் மனக்கண்ணில் தோன்றும். இந்நூலில் அவற்றுக்கு முதலிடம் இல்லை. காது குடையும் பஞ்சுக் குச்சி, சில துளி வெந்நீர், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவையே இதன் முதன்மைக் கருவிகள். நூல் புகழ் பெற்றதற்கு இதுவே பெரிய காரணம். அந்தப் புகழின் ஒரு பகுதி முற்றிலும் நியாயமானது. மற்றொரு பகுதியை நாம் சற்று நிறுத்தி எடைபோட வேண்டும்.

பஞ்சுக் குச்சிச் சோதனை

கையோ காலோ துண்டிக்கப்பட்ட பின்னும் அது இருப்பதாகவே உணர்வதை "மாய உறுப்பு" என்பர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்கு மருத்துவம் செய்த வெய்ர் மிட்செல் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இப்பெயரை வழங்கினார். எனவே அண்ணனுக்கு நேர்ந்தது பைத்தியமும் அன்று, புதுமையும் அன்று. இதை மட்டும் சொன்னதற்கே அன்றிரவு அவர் முகம் தெளிந்தது.

நூலில் டாம் என்ற இளைஞன் வருகிறான். (நோயாளிகளின் உண்மைப் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன.) கார் விபத்தில் முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்தவன். அவன் கண்களைக் கட்டிவிட்டு ராமச்சந்திரன் பஞ்சுக் குச்சியால் உடலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "எங்கே உணர்கிறாய்?" என்று கேட்கிறார். கன்னத்தில் தொட்டபோது, "கன்னத்திலும் உணர்கிறேன், இல்லாத கையின் கட்டை விரலிலும் உணர்கிறேன்" என்கிறான் அவன். மேலுதட்டைத் தொட்டால் மாயச் சுட்டு விரல். கீழ்த்தாடையில் தொட்டால் மாயச் சுண்டு விரல்.

இதற்குக் கூறப்படும் விளக்கம் யாது? நம் பெருமூளையின் புறணியில், உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வரும் தொடுவுணர்ச்சியைப் பெறுவதற்குத் தனித்தனி இடங்கள் உண்டு. கனடா நாட்டு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு இந்த வரைபடத்தை வகுத்துக் காட்டினார். அதில் கைக்குரிய இடத்துக்கு அடுத்து இருப்பது முகத்துக்குரிய இடம். கை போய்விட்டால் கைக்குரிய இடத்துக்குச் செய்தி வருவது நிற்கிறது. அடுத்த வீட்டுக்காரன் காலிமனையை வளைத்துக்கொள்வது போல, முகத்திலிருந்து வரும் செய்தி அவ்விடத்தையும் பற்றிக்கொள்கிறது என்பது ராமச்சந்திரனின் கருத்து. கையிலிருந்து செல்லும் உணர்ச்சி நரம்புகள் பல ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட குரங்குகளின் மூளையில் இத்தகைய மாற்றத்தைக் கண்டதாக டிம் பான்ஸ் என்பவரின் குழு 1991இல் அறிவித்திருந்தது. அதைப் படித்தவுடன் இது மனிதனிடமும் நிகழுமா என்று கேட்கத் தோன்றியதும், கேட்பதற்கு ஒரு பஞ்சுக் குச்சி போதும் என்று கண்டதும் ராமச்சந்திரனின் திறமை. 1992இல் "சயன்ஸ்" இதழில் இதை வெளியிட்டார்.

கண்ணாடிப் பெட்டியின் இயற்பியல்

நூலின் மிகச் சிறந்த பகுதி கண்ணாடிப் பெட்டி பற்றியது. சிலருக்கு மாயக் கை அசையாமல் விறைத்துப் போயிருக்கும்; அல்லது இறுக மடங்கி வலிக்கும். இதற்கு ராமச்சந்திரன் ஒரு காரணத்தை ஊகித்தார். "விரலை நீட்டு" என்று மூளை ஆணையிடுகிறது. நீண்டதாகக் கண் சொல்லவில்லை. மீண்டும் ஆணை, மீண்டும் ஏமாற்றம். நாளடைவில், "இது அசையாது" என்று மூளை கற்றுக்கொள்கிறது. அங்ஙனமாயின், அசைந்தது போல் கண்ணுக்குக் காட்டினால் என்ன?

மேசை மேல் ஒரு சமதள ஆடியை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதன் விளிம்பு உங்கள் மார்பின் நடுவை நோக்கியிருக்கட்டும். நல்ல கையை ஆடியின் முகப்புப் பக்கமும், இழந்த கையை ஆடியின் பின்பக்கமும் வையுங்கள். இப்போது நல்ல கையின் பிம்பத்தைப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர்க்கும் தெரிந்த விதி: பொருள் ஆடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, பிம்பம் பின்னால் அவ்வளவு தொலைவில் தோன்றும். ஆகவே வலக்கையின் பிம்பம், இடக்கை இருந்திருக்க வேண்டிய இடத்திலேயே தோன்றுகிறது. அது இடக்கை போலவே தோன்றுவதற்கும் காரணம் உண்டு. ஆடி திருப்பிக் காட்டுவது அதன் தளத்துக்குச் செங்குத்தான திசையை மட்டுமே. சுவரில் மாட்டிய ஆடி முன்-பின் திசையைத் திருப்புகிறது. இங்கே ஆடி நம் உடலின் நடுக்கோட்டில் நிற்பதால் வலம்-இடம் என்ற திசையே திருப்பப்படுகிறது. வலக்கை இடக்கையாகிவிடுகிறது! இவ்வளவு எளிய ஒளியியல், இவ்வளவு பெரிய மருத்துவ வினாவுக்குக் கருவியாகும் என்று என் வகுப்பில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வெட்கத்தை எனக்கு உண்டாக்கியதற்காகவே இந்நூலுக்கு நான் கடமைப்பட்டுள்ளேன்.

நூலில் பிலிப் என்பவர் இந்த ஆடியைப் பார்த்து நல்ல கையை அசைத்தவுடன், பத்து ஆண்டுகளாக அசையாதிருந்த மாயக் கை அசைவதாக உணர்ந்து வியந்து கூவுகிறார். பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று பழகுகிறார். சில வாரங்களில் மாயக் கையும் முழங்கை வலியும் மறைந்துவிடுகின்றன. விரல்கள் மட்டும் தோளில் ஒட்டியது போல் எஞ்சுகின்றன. படிப்பவர் யாரும் இப்பகுதியை நடுவில் மூடி வைக்க முடியாது.

பேசும் பன்றி

இனி நூலைச் சற்று எதிர்நின்று பார்ப்போம். ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுகளுக்கு வரலாமா என்ற கேள்வி ஆசிரியருக்கும் தெரியும். அதற்கு அவர் கூறும் விடை சுவையானது. ஒருவர் ஒரு பன்றியைக் கொண்டுவந்து, இது பேசும் என்று சொல்லி, அதைப் பேசவும் வைத்துக் காட்டினால், "இது ஒரு பன்றிதானே, இன்னும் சில பன்றிகளைக் காட்டு" என்று நாம் கேட்போமா என்கிறார்.

சிரிப்பு வருகிறது, உடனே ஒப்புக்கொள்ளவும் தோன்றுகிறது. ஆனால் இந்த வாதம் எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். அறிவியலில் நாம் கேட்கும் கேள்விகள் ஒரே வகையைச் சேர்ந்தவையல்ல. "இப்படி நிகழ்வது உண்டா?" என்பது முதல் வகை. "எத்தனை பேருக்கு, எவ்வளவு அடிக்கடி?" என்பது இரண்டாம் வகை. "ஏன் நிகழ்கிறது?" என்பது மூன்றாம் வகை. வானிலிருந்து கல் விழுமா என்ற கேள்விக்கு, ஐயத்துக்கு இடமின்றி விழுந்த ஒரே ஒரு விண்கல் போதும். ஆண்டுக்கு எத்தனை விழும் என்று சொல்ல ஒரு கல் போதாது, எண்ண வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு எண்ணிக்கையும் போதாது. பாதையைக் கணக்கிட வேண்டும்.

பேசும் பன்றி முதல் கேள்விக்கு மட்டுமே விடையளிக்கும். இந்நூலின் வலிமை முழுவதும் அந்த முதல் கேள்வியில் இருக்கிறது. குறை எங்கே வருகிறது என்றால், முதல் கேள்விக்கான விடையைச் சொல்லும் அதே உற்சாகக் குரலில் மற்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டது போன்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் அது உண்டாக்கிவிடுகிறது.

பத்தில் ஆறு

கண்ணாடிப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 1996இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ராமச்சந்திரனும் டயான் ராஜர்ஸ் ராமச்சந்திரனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை நூலைவிட அடக்கமாகப் பேசுகிறது. சோதிக்கப்பட்டோர் பத்துப் பேர். மாயக் கை அசைவதாக உணர்ந்தோர் ஆறு பேர். விரல்கள் மடங்கி வலித்தோர் ஐவர். ஆடியினால் அவ்விறுக்கம் தளர்ந்தோர் அவர்களுள் நால்வர். மாயக் கை நிலையாகவே மறைந்துபோனது ஒருவருக்கு. நூலைப் படித்தவர் நினைவில் நிற்பது அந்த ஒருவரே. பத்தில் ஆறு என்ற எண் கூவி வியப்பதில்லை. ஆகவே அது நினைவில் தங்குவதில்லை. ஆயினும் என் அண்டை வீட்டு அண்ணனுக்குத் தேவையானது அந்த எண்தான். "உங்களுக்குப் பயன்படலாம், பயன்படாமலும் போகலாம்" என்று சொல்லும் நேர்மை அதில் உள்ளது.

பத்துப் பேரும் போதாது. ஆடியினால் குணம் வந்ததா, அல்லது யாரோ ஒருவர் அக்கறையோடு கவனித்ததால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டுமல்லவா? அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் நடந்த இச்சோதனையின் முடிவு 2007இல் வெளிவந்தது. கால் இழந்த 22 பேர் தொடங்கி, 18 பேர் முடித்தனர். குழுவுக்கு ஆறு பேர். ஒரு குழுவுக்கு உண்மை ஆடி; இன்னொன்றுக்குத் துணியால் மூடிய ஆடி; மூன்றாவது குழு கண்ணை மூடிக் காலை அசைப்பதாக மனத்தில் எண்ணியது. நான்கு வாரம் கழித்து, ஆடியைப் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்திருந்தது. மூடிய ஆடிக் குழுவில் ஒருவருக்கே குறைந்தது; மூவருக்குக் கூடியது. எண்ணிப் பார்த்த குழுவில் இருவருக்குக் குறைந்தது, நால்வருக்குக் கூடியது.

மூடிய ஆடி என்ற சிறு ஏற்பாட்டைக் கவனியுங்கள். அதில் கற்பனை வளம் ஏதுமில்லை. எவரும் அதைக் கண்டு வியக்கப்போவதில்லை. ஆனால் ராமச்சந்திரனின் ஊகம் மருத்துவமாக மாறும் தகுதி பெற்றது அந்தத் துணியால்தான். அதன் பின் நடந்த ஆய்வுகள் அனைத்திலும் இதே அளவு பயன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கண்ணாடி சிலருக்கு உதவுகிறது. யாருக்கு உதவும் என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் இயலவில்லை.

வரைபடம் மாறியதா?

மூன்றாவது கேள்வி "ஏன்" என்பது. இங்கேதான் நூல் பெரிதும் ஆட்டங்கண்டிருக்கிறது. முகம் கையின் இடத்தை வளைத்துக்கொள்கிறது என்ற விளக்கத்துக்கு முதலில் நல்ல ஆதரவு கிடைத்தது. 1995இல் ஜெர்மனியின் ஹெர்டா ஃப்ளோர் குழுவினர் மூளையிலிருந்து எழும் மிக நுண்ணிய காந்தப் புலத்தை அளந்து, வரைபடம் எவ்வளவு மாறியுள்ளதோ அவ்வளவு மாயவலி மிகுதி என்று கண்டனர்.

ஆனால் 2013இல் இங்கிலாந்தின் தமார் மாக்கின் குழுவினர் காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு நேர்மாறான செய்தியைத் தந்தனர். மாயக் கையை அசைக்கச் சொன்னபோது, வலி மிகுதியாக உள்ளவர்களின் மூளையில் பழைய கைப்பகுதி நன்கு பாதுகாக்கப்பட்டே இருந்தது. 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் நேரடியானது. மருத்துவக் காரணத்துக்காகக் கை அகற்றப்பட இருந்த மூவரை அறுவைக்கு முன்பே படமெடுத்து, அறுவைக்குப் பின்னும் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தனர். கையின் வரைபடம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. உதட்டின் பகுதி அதற்குள் பரவவில்லை. முகத்தில் விரல்களின் தெளிவான படம் கிடைப்பதும் உறுப்பிழந்த எல்லாரிடமும் காணப்படவில்லை.

இதுவும் மூன்றே பேர் அல்லவா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரே மனிதரை முன்னும் பின்னும் அளப்பது, கையிழந்த ஒருவரை வேறொருவரோடு ஒப்பிடுவதைவிடப் பிழை குறைந்த முறை. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தொடக்க அளவையும் இறுதி அளவையும் குறித்துக்கொள்ளாத மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. டாமின் மூளையின் தொடக்க அளவு எவரிடமும் இல்லை. அவன் சொன்னது பொய்யன்று. கன்னத்தைத் தொட்டபோது மாய விரலில் அவன் உணர்ந்தது உண்மை. அதற்குரிய விளக்கம்தான் இன்று வழக்கில் உள்ளது. அறிவியலில் சான்று நிலைத்திருக்க விளக்கம் மாறுவது தோல்வியாகாது. ஆனால் 1998இன் நூலை இன்று மாணவர் கையில் கொடுக்கும் ஆசிரியர் இதையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

கடவுள் நம்பிக்கை, தன்னுணர்வு ஆகியவற்றைப் பற்றிய நூலின் பிற்பகுதி அத்தியாயங்களில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. மிகச் சிலரிடம் செய்த சோதனையிலிருந்து மிகப் பெரிய கேள்விகளுக்குத் தாவுகிறார் ஆசிரியர். ஊகத்தை ஊகம் என்றே அவர் பல இடங்களில் சொல்லிவிடுகிறார் என்பது உண்மையே. ஆனால் கதை சொல்லும் விரைவில் அந்த எச்சரிக்கைகள் காதில் விழுவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் யார் யார்?

நூலின் அட்டையில் இரண்டு பெயர்கள். உள்ளே "நான்" என்று பேசும் குரல் ஒன்றே. இது நூலுக்கு விறுவிறுப்பைத் தருகிறது. ஆனால் மூளை ஆய்வு என்பது ஒரு மேதை ஒரு பஞ்சுக் குச்சியோடு செய்யும் வேலை என்று இளம் வாசகர் எண்ணிவிடக்கூடும்.

நூலிலேயே வரும் இன்னொரு சோதனை இதற்குச் சான்று. ஆர்தர் என்பவர் விபத்துக்குப் பின் தம் பெற்றோரைப் பார்த்து, இவர்கள் என் பெற்றோரைப் போலவே உள்ள வேறு யாரோ என்கிறார். தொலைபேசியில் பேசினால் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறார். முகத்தை அறியும் பகுதிக்கும் பாசத்தை எழுப்பும் பகுதிக்கும் இடையிலான தொடர்பு அறுந்ததே காரணம் என்பது விளக்கம். இதை ராமச்சந்திரனும் வில்லியம் ஹிர்ஸ்டீனும் அளந்து பார்த்தனர். நெருங்கியவர் முகத்தைக் கண்டால் நம் கையில் மிகச் சிறிதளவு வியர்வை கூடும். தோலின் மின்தடை குறையும். ஓம் விதி தெரிந்தவர் எவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். ஆர்தரிடம் அந்த மாற்றம் ஏற்படவில்லை. அழகான சோதனை. ஆனால் இப்படித்தான் நிகழும் என்று 1990இலேயே எதிர்பார்த்து எழுதியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த ஹேடின் எல்லிசும் ஆண்ட்ரூ யங்கும். 1997இல் அவர்களும் சேர்ந்து இத்தகைய நோயாளிகள் ஐவரிடம் அளந்து அதே முடிவைக் கண்டனர். ஒருவர் முன்னுரைத்தார், ஒருவர் ஒரு நோயாளியிடம் கண்டார், ஒருவர் ஐவரிடம் சரிபார்த்தார். மூவரும் சேர்ந்ததே அறிவு.

ஆகவே ஓர் அறிதிறன் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிவோர் யார் என்று கேட்டால் என் விடை இது. கூர்மையான கேள்வியை எழுப்புபவர் ஒருவர். அவரோடு உடன் எழுதி, உடன் அளந்து, பொதுமக்கள் நினைவில் இடம்பெறாத துணையாளர்கள் பலர். மூடிய ஆடியை வைத்துச் சலிப்பின்றி எண்ணுபவர் சிலர். பத்தாண்டு கழித்து வந்து, "தொடக்க அளவு எங்கே?" என்று கேட்டுப் பழைய விளக்கத்தை அசைப்பவர் சிலர். இவர்கள் அனைவருக்கும் முன்னால், தனக்கு நேர்ந்ததைக் கூச்சமின்றிச் சொல்லி, மணிக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து, "இங்கே உணர்கிறேன்" என்று விடையளிக்கும் நோயாளி. உணர்ச்சி நரம்பு வெட்டப்பட்ட அந்தக் குரங்குகளையும் நாம் மறந்துவிடக் கூடாது. நோயாளிகளை அறிவும் நகைச்சுவையும் உள்ள மனிதர்களாகவே இந்நூல் காட்டுகிறது. அது அதன் பெருமை. மற்றவர்களைப் பற்றி அது இன்னும் சற்றுப் பேசியிருக்கலாம்.

எங்கள் வீட்டுச் சோதனை

அண்ணனுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்தேனா என்று கேட்பீர்கள். முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை, மாத்திரை கொடுத்தார், ஆடியை முயன்று பார்ப்பதில் தவறில்லை என்றும் சொன்னார். ஓசூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கிய ஆடி, ஓர் அட்டைப் பெட்டி; அவ்வளவே செலவு. முதல் நாள் நல்ல கையை மெதுவாக விரித்தபோது, "விரியுது சார்" என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார். அந்த வாரம் அவர் நன்றாகத் தூங்கினார். மூன்றாவது வாரம் வலி மீண்டும் வந்தது. முன்னைவிடக் குறைவு என்றார். ஆடியினாலா, மாத்திரையினாலா, தன் வலிக்கு ஒரு பெயர் உண்டு என்று அறிந்ததாலா? எனக்குத் தெரியாது. என்னிடம் துணி மூடிய ஆடி இல்லை. இருப்பது ஒரே ஒரு அண்ணன். நான் இதைப் பிலிப்பின் கதையைப் போல எழுதியிருக்கலாம். முதல் நாளோடு நிறுத்தியிருந்தால் போதும். நூலில் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

வாசகர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பிறரிடம் செய்துபார்க்க வேண்டாம். இழந்த உறுப்பைத் திடீரென்று முழுமையாகக் கண்டவர்கள் துயரம் தாளாமல் கலங்கியதும் 2007ஆம் ஆண்டு ஆய்வில் பதிவாகியுள்ளது.

மாணவர்கள் இந்நூலைப் படிக்கலாமா? கட்டாயம் படிக்க வேண்டும். தமிழில் படித்தவன், சிறிய ஊரில் பிறந்தவன், கருவி இல்லாதவன் என்பதால் பெரிய கேள்விகளைக் கேட்கத் தகுதியில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கண்ணாடித் துண்டு ஒன்றால் கேட்க முடியும் என்று இந்நூல் காட்டுகிறது. எங்கள் ஊரிலிருந்து செல்லும் அதே ஓசூர் சாலையில்தான் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனம் உள்ளது. அலகாபாத் பல்கலைக்கழகத்தில் 2002 முதல் அறிதிறன் அறிவியலுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. இயற்பியல், கணிதம், உளவியல், மருத்துவம் என எந்தத் துறையில் பயின்றவர்க்கும் இத்துறையில் வேலை உண்டு.

ஆனால் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: உண்டா? எத்தனை பேருக்கு? ஏன்? முதல் கட்டத்தை நூலே நிரப்பிவிடும். இரண்டாவது கட்டத்துக்கு ஆய்விதழ்களைத் தேட வேண்டியிருக்கும். மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அண்ணன் கேட்ட கேள்வியும் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் காத்துக்கொண்டிருக்கிறது. அதை நிரப்பப்போகும் கைகள் எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது சமதள ஆடிக்குக் கதிர்ப்படம் வரைந்துகொண்டிருக்கலாம்.